ஊசி தெரிகிறது, பூ தெரியவில்லை

கண் பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பெண்களுக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நான் சாந்தோமில் கன்னிமார் மடத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் எழுதி முடிக்க ஒரு காலைப்பொழுது போய்விடும். போகட்டும், எனக்கென்ன அவசரம்.

உங்களிடம் விளக்குப் போட்ட எழுத்துப் பெட்டி இருக்கிறது. கண்ணுக்குள் எட்டிப் பார்க்கிற கருவி இருக்கிறது. என் கையில் ஒரு தகரப் பெட்டிதான் இருந்தது. அதில் பஞ்சு சுற்றி வைத்த கண்ணாடிச் சில்லுகள், சில்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க ஒரு இரும்பு ஃபிரேம், துடைக்க மல்துணி, ஒரு ஊசி, ஒரு நூல்கண்டு. இதை வைத்துக்கொண்டு மயிலாப்பூரிலும் ராயப்பேட்டையிலும் நான் கண்ணாடி போட்டுவிட்ட பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டால் எனக்கே தெரியாது. தெருவில் போனால் ஜன்னலுக்கு ஜன்னல் கூப்பிடுவார்கள். "கண்ணாடிக்கார அம்மா போறாங்க பாரு" என்பார்கள். அந்தப் பேர் எனக்குப் பிடிக்கும்.

அப்போது லஸ் முனையில் எங்கள் டாக்டரய்யாவின் கண் கடை. முன்னால் மூக்குக்கண்ணாடி விற்கும் அறை, பின்னால் அவர் கண் பார்க்கும் அறை. முப்பதாம் வருஷத்துக்கு இரண்டு வருஷம் முன்னே பின்னே இருக்கும், கண்ணாடி துடைக்கிற வேலைக்கு நான் அங்கே சேர்ந்தேன். எங்கள் அம்மா கூடையில் மீன் தூக்கி வீடு வீடாய் விற்றவள். நான் கடைக்குள் நின்று வேலை பார்த்ததில் அவளுக்கு எவ்வளவு பெருமை என்றால், டிராம் வருகிற நேரம் பார்த்து எதிர்ச்சாரியில் கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

பெண்கள் அந்தக் கடைக்கு வரமாட்டார்கள். படுதாவுக்குள் இருக்கும் கோஷா வீட்டுப் பெண்கள் வெளியே வரக் கூடாது. ஐயமார் வீட்டுப் பெண்கள் வரலாம், ஆனால் அந்நிய ஆம்பிளை முகத்துக்கு அருகே முகம் வைத்து உட்கார வேண்டுமே. ஆகையால் நாற்பது வயதுக்கு மேல் கிட்டத்துப் பார்வை மங்கிப்போன பெண்கள் மங்கியபடியே இருந்தார்கள். கண்ணுக்கு விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூ, பன்னீர், பால் கொடுக்கும் தாய் பக்கத்தில் இருந்தால் தாய்ப்பால். குளிர்ச்சிக்கு எல்லாம் நல்லதுதான். ஆனால் எந்தப் பூவை வைத்தாலும் நாற்பத்தைந்து வயதுக் கண் இருபது வயதுக் கண்ணாக ஆகாது.

டாக்டரய்யா ஒருநாள் என்னைப் பார்த்து, "ஆரோக்கியம், நீ போய்ப் பார்த்துண்டு வரயா?" என்றார். சில்லு மாற்றுவதை எனக்குச் சொல்லிக் கொடுத்தார். எந்தச் சில்லு பொருந்தியது என்று நான் நம்பர் எழுதி வந்தால், அதற்குக் கண்ணாடி செய்து கொடுப்பார். எனக்கு நம்பர் எழுத நன்றாக வரும்.

எழுத்துப் பலகையையும் கொடுத்தனுப்பினார். போன முதல் வீட்டிலேயே அந்த அம்மாள் பலகையைப் பார்த்து, "இது இன்னாது, எறும்பு வரிசையா?" என்றாள். அவளுக்கும் படிக்கத் தெரியாது, பாதி எழுத்து எனக்கும் தெரியாது. அப்போதுதான் எனக்கு ஊசி யோசனை வந்தது. ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாத பெண் உண்டா? ஒவ்வொரு சில்லாகப் போட்டு நூலைக் கோர்க்கச் சொல்வேன். எந்தச் சில்லில் தடுமாறாமல் கோர்க்கிறாளோ அதுதான் அவள் கண்ணாடி. டாக்டரய்யாவிடம் சொன்னேன். அவர், "இது என் புத்தகத்துல இல்லையேம்மா" என்று சிரித்தார். வெளியூர் டாக்டர் யாராவது வந்தால் என்னைக் கூப்பிட்டு, "அந்த ஊசி வித்தையைக் காட்டு" என்பார். நாலு வருஷம் அந்த ஊசியோடுதான் திரிந்தேன், தலை நிமிர்ந்து.

கச்சேரி ரோடு பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே ஜரிகைப் பூவேலை செய்கிற குடும்பம் ஒன்று இருந்தது. வீட்டுக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மனைவி ஜைனப் பீவி. பாயுடைய தங்கை, புருஷனை இழந்தவள், அதே வீட்டில் இருந்தாள். நல்ல வாய்க்காரி. அந்தப் பக்கத்தில் எந்த நிக்காஹ் என்றாலும் மணப்பெண் தலையில் போடும் சிவப்புப் பட்டு முக்காட்டுக்கு இந்த வீட்டுப் பூவேலைதான். அந்த வேலையில் பாயைவிட ஜைனப்பின் கைதான் பெரிய கை என்று பாயே சொல்வார்.

அந்தக் கைக்குக் கண் மங்கிவிட்டது. எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். படுதாவுக்கு உள்ளே, கிணற்றடி வெளிச்சம் வருகிற நடையில் கோரைப்பாய் விரித்து உட்கார வைத்தார்கள். ஜைனப் நல்ல சிவப்பு. கண்ணில் சுருமா மை தீட்டியிருந்தாள். காது மடல் முழுக்க வளையம், ஒன்றின் மேல் ஒன்றாக. கண்ணாடிக் கம்பியை மாட்ட இடமே இல்லை.

"இதுக்கு மேல எங்கம்மா மாட்டப் போறே?" என்றாள் நாத்தனார். "எங்க அண்ணி காது கம்மல் கடையாட்டம் கீது. அதுல கண்ணாடிக் கடை வேற வெக்கப் போறியா?"

ஜைனப் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "ஆரோக்கியம்மா, எங்க உம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. அப்பால ஒண்ணுமே தெரியாம பூட்டுது. மூலையில உக்காந்தே இருந்து மவுத்தாப் போனாங்க. எனக்கும் அப்படித்தானா? இந்த முக்காட்டை முடிப்பேனா?"

அவள் கையிலிருந்தது ஷாபான் மாதத்து நிக்காஹுக்கான முக்காடு. இன்னும் மூன்று மாதம் இருந்தது.

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாதும்மா. வயசுக் கண்ணு. கண்ணாடி போட்டா சரியாப் பூடும்" என்று சொன்னேன். ஊசியைக் கொடுத்தேன். மூன்றாவது சில்லில் சட்டென்று கோர்த்துவிட்டாள். அவள் முகம் பூத்ததைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். கம்பிக்குப் பதிலாகக் கறுப்புக் கயிறு வைத்துத் தலைக்குப் பின்னால் முடிச்சுப் போடுகிற மாதிரி கண்ணாடி செய்துகொண்டு போய்க் கொடுத்தேன். முக்காடு போட்டால் கயிறு தெரியாது. நாத்தனார் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "கோர்ட்டு குமாஸ்தா மாதிரி கீறே அண்ணி. ஒரு பேனாதான் பாக்கி" என்றாள்.

பத்து நாளில் திரும்ப ஆள் வந்தது.

"ஊசி நல்லாத் தெரியுது ஆரோக்கியம்மா. பூதான் தெரிய மாட்டேங்குது" என்றாள் ஜைனப். நெற்றியில் சுக்குப் பற்று போட்டிருந்தாள்.

"ஊசிக் காதே தெரியுதுன்னா பூ தெரியாம எங்கே போவும்?" என்றேன். ஊசியைக் கொடுத்தேன், கோர்த்தாள். இன்னும் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தால் பூவும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, பவர் கூடின சில்லைப் போட்டேன். இன்னும் வேகமாகக் கோர்த்தாள். எனக்குத் திருப்தி. சில்லு மாற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சுருமா கண்ணாடியில் ஒட்டுகிறது, வெள்ளிக்கிழமை மட்டும் தீட்டிக்கொள்ளுங்கள், ராத்திரி படுக்குமுன் மல்துணியால் துடைத்து வையுங்கள் என்று புத்தியும் சொல்லிவிட்டு வந்தேன். சுருமாவின் மேல் பழியைப் போட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மூன்றாம் தடவை ஆள் வரவில்லை, பாயே கடைக்கு வந்தார். டாக்டரய்யா உள்ளே ஒரு கிழவரின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் காத்திருக்காமல் என்னிடமே சொன்னார். "நாளைக்கு வந்து கடைசியா ஒரு தடவை பாரு. கண்ணு போயிடுச்சுன்னா போயிடுச்சுன்னு சொல்லிடு. துணியை ராயப்பேட்டையில வேற வீட்டுக்குக் குடுத்துடறேன். அவ சட்டத்தையும் கழட்டிடறேன். தினம் அவ அழறதைப் பார்க்க முடியல."

சட்டம் என்றால் அவள் வேலை செய்கிற மரச்சட்டம். அதைக் கழற்றினால் ஜைனப்பும் அவள் உம்மா மாதிரி மூலையில் உட்கார வேண்டியதுதான். இது எனக்குப் புரிந்தது. கண் உள்ளுக்குள் கெட்டிருந்தால் என் சில்லு ஒன்றும் செய்யாது, அது தெய்வச் செயல். எனக்கு ஒரு கெட்ட பேரும் வராது. மனசு அந்தப் பக்கமாகத்தான் சாய்ந்தது என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

மறுநாள் காலையில் போனேன். அதே நடை, அதே கிணற்றடி வெளிச்சம். ஊசியைக் கொடுத்தேன். அழுது வீங்கிய கண்ணோடு, இரண்டு தரம் கோர்த்துக் காட்டினாள். படுதாவுக்கு அந்தப் பக்கம் பாய் நின்றுகொண்டிருந்தார். செருப்புச் சத்தம் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது.

"இன்னா சொல்றே ஆரோக்கியம்மா?" என்றார். "கண்ணு போயிடுச்சா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. வாயைத் திறந்தேன். ஜைனப்பின் விரலில் ஊசி இன்னும் இருந்தது, நூல் கோர்த்தபடி. கண் போனவள் எப்படிக் கோர்த்தாள்? அந்தக் கேள்வி அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்து நாளில் ஒருத்தி சொன்னதை நான் ஒரு மாதம் கழித்துக் கேட்டேன்.

"நீங்க தெய்க்கிறதை நான் பார்க்கணும்" என்றேன்.

"தெய்க்கிறதைப் பார்த்து நீ இன்னா பண்ணப் போறே? தெய்க்கக் கத்துக்கப் போறியா?" என்றாள் நாத்தனார். ஆனால் எழுந்து வழிவிட்டாள்.

உள் அறை. அத்தனை தடவை வந்தும் நான் அந்த அறைக்குள் காலை வைத்ததில்லை. நாலு கட்டைகளைச் சேர்த்துக் கட்டி, மத்தளத் தோல் மாதிரி துணியை விறைப்பாக இழுத்திருந்தது. தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் சட்டம். ஜைனப் அதன் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். ஒரு கை துணிக்கு மேலே, ஒரு கை துணிக்குக் கீழே. மேல் கை குத்துகிறது, கீழ் கை நூலைக் கொடுக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். உடனே தலை தானாகக் கீழே இறங்கியது. இறங்கி, இறங்கி, மூக்கு துணியைத் தொடுகிற வரைக்கும் போயிற்று. அப்போது பூ தெரிந்திருக்கும், ஆனால் அந்தக் குனிவில் கீழ்க் கை எட்டவில்லை. கையை எட்டப் பண்ண நிமிர்ந்தாள். நிமிர்ந்தால் பூ கலங்கிவிட்டது. குனிவாள், நிமிர்வாள், குனிவாள், நிமிர்வாள். கழுத்து நரம்பு புடைத்து நின்றது.

நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவளை நேராக உட்காரச் சொன்னேன். கண்ணிலிருந்து பூ வரைக்கும் சாண் வைத்து அளந்தேன். இரண்டரைச் சாண். பிறகு ஊசியைக் கொடுத்துக் கோர்க்கச் சொல்லி அளந்தேன். ஒரு சாண்.

துணி சட்டத்தில் கட்டியிருக்கிறது, முகத்துக்குப் பக்கத்தில் தூக்க முடியாது. நான் கொடுத்த கண்ணாடி ஒரு சாணுக்கு. பவரைக் கூட்டிக் கொடுத்தேனே, அது அவளை இன்னும் குனிய வைத்தது. ஊசி கோர்ப்பது அவள் வேலையில் ஒரு நாளைக்கு நாலைந்து தரம். மீதி நேரமெல்லாம் பூ. நான் நாலைந்து தரத்துக்குக் கண்ணாடி கொடுத்துவிட்டு அவளை நாள் முழுக்கக் குருடாக்கியிருந்தேன்.

படுதாவுக்கு அந்தப் பக்கம் பாய் மறுபடி கேட்டார். "என்னம்மா, பேச்சையே காணோம்?"

"கண்ணுல ஒரு குறையும் இல்ல பாய்" என்றேன். "குறை என் பேர்ல. நான் தப்பான கண்ணாடி குடுத்துட்டேன். ரெண்டு தரமும்."

செருப்புச் சத்தம் நின்றுவிட்டது.

பெட்டியைத் திறந்து, பவர் குறைந்த சில்லுகளாக எடுத்து இரும்பு ஃபிரேமில் போட்டேன். ஊசியைத் தொடவே இல்லை. "பூவைப் பாருங்க. கை எட்டுதா, பூ தெரியுதா, ரெண்டும் சேர்ந்து சொல்லுங்க" என்றேன். இரண்டு சில்லு தள்ளினேன். மூன்றாவதில் அவள் தலை அசையாமல் நின்றது. முதுகு நேராக இருந்தது. கீழ்க் கை நூலைக் கொடுத்தது, மேல் கை வாங்கியது. ஒரு இதழ் முடித்தாள்.

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு துணியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் பார்த்தாள்.

"இந்தக் கொடியை யாரு தெச்சது?" என்றாள்.

"நீதான் அண்ணி" என்றாள் நாத்தனார்.

"நானா? இப்படிக் கோணலாவா? இதழெல்லாம் சப்பையாக் கீதே, மாடு மிதிச்ச மாதிரி. இதையா எல்லாரும் நல்லாக் கீது நல்லாக் கீதுன்னு சொன்னீங்க? கத்திரியைக் குடு."

"ஏ, பிரிக்காதே!" என்றார் பாய் வெளியிலிருந்து. "நாள் இல்ல!"

"நாள் இல்லேன்னா நீங்களும் எதிரால வந்து உக்காருங்க. ஒரு பொண்ணு தலையில இதைப் போடுவாங்களா?"

முக்கால் முக்காட்டைப் பிரித்தாள். ஜரிகை இழை அறுந்துவிடாமல் நான் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்று மத்தியானம் வரை இருந்தேன். நான் புறப்படும்போது பாய் குளித்துவிட்டு வந்து சட்டத்துக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தார். ஷாபானில் அந்த நிக்காஹ் அந்த முக்காட்டோடுதான் நடந்தது. அவளுக்குக் கடைசி வரைக்கும் நான்தான் கண்ணாடி மாற்றினேன். அவள் கண் போகவில்லை.

லஸ்ஸுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் டாக்டரய்யாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். சொல்லாமல் விடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் சில்லு நம்பரை மூன்றாம் முறையாக எழுதிக் கொடுக்கிறேனே, ஏன் என்று கேட்பாரே. போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், சாண் கணக்கு உட்பட. அவர் கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஏம்மா, ஊசியை வெச்சு இன்னும் எத்தனை ஆத்துல கண்ணாடி கொடுத்திருக்கே?"

எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. ஒரு வீட்டுத் தப்பை ஒப்புக்கொண்டுவிட்ட பெருமையோடு வந்து நின்றிருந்தேன்.

"நாளைக்குக் கார்த்தால கடைக்கு வராதே" என்றார்.

வேலை போயிற்று என்று நினைத்தேன். எதிர்ச்சாரியில் கூடையோடு நிற்கும் அம்மாவிடம் என்ன சொல்வேன் என்று யோசித்தேன். அவர் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நேரா அந்த ஆத்துக்கெல்லாம் போ. ஒவ்வொருத்தரும் அதைப் போட்டுண்டு என்ன வேலை பண்றான்னு உட்கார்ந்து பார்த்துட்டு வா. எத்தனை நாள் ஆனாலும் சரி. தப்பு உன்னோடது மட்டும் இல்லை. அந்த ஊசியை வரவா போறவாகிட்டயெல்லாம் காட்டிப் பெருமை அடிச்சுண்டவன் நான்."

பதினேழு நாள் நடந்தேன். புத்தகம் வாசிக்கிறவர்களுக்கும் துணி தைக்கிறவர்களுக்கும் கண்ணாடி சரியாகத்தான் இருந்தது. பூத்தொடுக்கிற ஒருத்தி, எனக்குத் தெரியாமல் கண்ணாடியை மாடத்தில் வைத்துவிட்டுக் கை நிதானத்தில் தொடுத்துக்கொண்டிருந்தாள். ஆர்மோனியம் வாசிக்கிற ஒரு அம்மாள், கட்டைமேல் கவிழ்ந்து வாசித்துக்கொண்டிருந்தாள். மாற்றினேன், எழுதிக்கொண்டேன், நடந்தேன். பெண்களே, திரும்பி வந்து குறை சொல்கிறவளை உட்காரவைத்து மோர் கொடுங்கள். ஜைனப் மாதிரி மூன்று தரம் கூப்பிடுகிறவள் ஊருக்கு ஒருத்திதான் இருப்பாள். மற்றவர்கள் எங்கே என்று நீங்கள்தான் போய்த் தேட வேண்டும்.

கடைசி வீடு சித்திரைக்குளத்துக்குப் பக்கத்தில், ஒரு மாமி. அந்த வீட்டில் நான் தொட்டால் தலைமுழுக வேண்டும் என்பதால் அவர்கள் குளிக்குமுன் போய்விட வேண்டும். ஆறரைக்கெல்லாம் போனேன். மாமி முற்றத்தில் முறத்தை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கொடுத்த கண்ணாடிதான் மூக்கில் இருந்தது. தலை முறத்துக்குள் கவிழ்ந்திருந்தது. வாசலில் நான் நிற்பது கூடத் தெரியவில்லை.

"மாமி, கண்ணாடி எப்படி இருக்குது?"

"நன்னா இருக்கே! நீ கொடுத்தது எப்படி நன்னா இல்லாம போகும்?" கழுத்தின் பின்னால் கையை வைத்துப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தாள். "எனக்குத்தான் கழுத்துக்கு வயசாயிடுத்து. ரெண்டு வருஷமாப் பாடாய்ப் படுத்தறது. என்ன தைலம் தேய்ச்சும் கேக்கலை."

முறத்தை அவள் மடியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, சாண் வைத்து அளந்து, சில்லை மாற்றிப் போட்டேன். "இப்பப் பொறுக்குங்க" என்றேன். மாமி வழக்கப்படி குனியப் போனாள். பாதியிலேயே நின்றுவிட்டாள். நேராக உட்கார்ந்தபடி கையை மட்டும் நீட்டி ஒரு கல்லை எடுத்தாள். இன்னொன்றை எடுத்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் ஆரோக்கியம், இத்தனை நாளா நீ ஏன் வரலை?"

அந்தத் தெரு வழியாகத்தான் நான் தினமும் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.